மூன்றாம் முறை கேட்டபோது

அந்த ஞாயிறு காலையில் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வழக்கம்போலத் திருநீறு பூசினேன். பூசிய பிறகுதான் எங்கே போகப்போகிறேன் என்பது நினைவு வந்தது. ஈரக் கையால் துடைத்தேன். பாதி போனது, பாதி நின்றது. சைக்கிளில் ஏறிய பிறகும் சால்வையால் இரண்டு தரம் நெற்றியைத் தேய்த்தேன். பிறகு, யாருக்குப் பயந்து இதைத் துடைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

1994ஆம் ஆண்டு அது. நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொழில் மேசன். அரசாங்கத் தடையால் சீமெந்து வருவது நின்று நாலு வருடமாகியிருந்தது. சீமெந்து இல்லாத ஊரில் மேசனுக்கு என்ன வேலை? உடைந்த கிணற்றுக்கட்டைக் களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிடுவேன். அடுத்த மாரிக்கு அது கரைந்துபோகும். மற்ற நாள்களில் சும்மா இருக்கத் தெரியாமல் காணிக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

என் தங்கை அப்போது வேதக்காரர்களின் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் தையல் வேலை செய்தாள். அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டிருந்தார். அவள் சம்மதித்து, ஞானஸ்நானமும் எடுத்துவிட்டாள். எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் அவள் வாசல் படலையைக்கூட மிதிக்கவில்லை. அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“மற்றவை வரமாட்டினம் எண்டு தெரியும் அண்ணை. நீங்களாவது இந்த ஞாயிறு வந்து ஒரு வாங்கிலை இருங்கோ. என்ரை பக்கத்துக்கும் ஒரு ஆள் இருக்கு எண்டு தெரியட்டும்.”

“ஞாயிறு என்ன விசேஷம்?”

பக்கத்தில் நின்ற அந்த மனிதர்தான் பதில் சொன்னார். “கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு எங்கடை பேரை வாசிச்சு, இதுக்கு ஆரிட்டையும் தடை இருக்கோ எண்டு கோயிலிலை கேப்பினம். ரெண்டு முறை கேட்டாச்சு. இது மூண்டாவது. பயப்பிடாதையுங்கோ அண்ணை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. அது ஒரு வழமை.”

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது.

என் தங்கையின் முதல் புருஷன் பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றவர். 1987 ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை மூண்டு ஊரடங்கு போட்ட நாள்களில், எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் அரிசி கிடைக்குமா பார்த்து வருகிறேன் என்று சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. அவர் புறப்பட்டபோது நான் அயலில் ஒரு வீட்டுக்குப் பங்கர் வெட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியதும் தேடிப் போனேன்.

பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் ஆள்கள் கூடி நின்றார்கள். செத்தவரைச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், அங்கேயே ஒரு வெறுங்காணியில் விறகும் பழைய கதவும் அடுக்கி ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைத் துணி. அதற்குக் கீழே நீலக் கோடு போட்ட சாரம். என் மச்சானிடமும் அப்படி ஒரு சாரம் இருந்தது. மண்வெட்டியோடு நின்ற ஒருவர் என்னைக் கண்டு, “உங்கடை ஆளோ? கிட்ட வந்து முகத்தைப் பாருங்கோ” என்றார்.

நான் கிட்டப் போகவில்லை. பயமும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் பெரிதாக இருந்தது. நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்ய எனக்கு வராது. நின்ற இடத்திலிருந்தே “ஓம்” என்றேன். அவர்கள் நெருப்பு வைத்தார்கள். மறுநாள் எலும்பும் சாம்பலும் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் “முகத்தைப் பாத்தனான்” என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்தியேட்டிக் கிரியை நடந்தது, அவள் தாலியைக் கழற்றினாள், பிறகு மரணச் சான்றிதழும் எடுத்தோம்.

நான் பார்க்காத முகம் அது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. என் மச்சான் இறந்துவிட்டார் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், பகலில் நம்பினேன்.

அந்த வேதக்கோயில் பட்டணத்துப் பக்கம் இருந்தது. பழைய கட்டடம். நேரத்தோடு போய்விட்டேன். சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றினேன். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டையின் மேல் தெறியையும் கழற்றத் தொடங்கிவிட்டேன். கோயில் வாசலுக்கு வந்தால் கை தானாகவே அதைச் செய்யும். வாசலில் புத்தகம் கொடுத்துக்கொண்டு நின்ற வயதானவர், வெள்ளைக் காற்சட்டையும் தடித்த கண்ணாடியும் போட்ட பென்சன்காரர், என் கையைப் பார்த்தார்.

“தம்பி, சட்டை கிடக்கட்டும். எங்கடை ஆண்டவருக்கு வெறும் மேலைப் பாத்துப் பழக்கமில்லை.”

நான் அவசரமாகத் தெறியைப் பூட்டினேன். அவர் என் நெற்றியில் பாதியாய் நின்ற திருநீற்றையும் பார்த்தார்.

“பொம்பிளை பகுதியோ?”

“ஓம். தமையன்.”

“நல்லது. முன்னுக்குப் போய் இருங்கோ.”

“நான் பின்னுக்கு இருக்கிறன்.”

“பின்னுக்கு இருந்தால் எழும்பிறதும் இருக்கிறதும் பிடிபடாது. சரி, ஒண்டு செய்யுங்கோ. உங்களுக்கு முன் வாங்கிலை ஒருத்தர் வந்து இருப்பார், கொலரிலை ஒட்டுப்போட்ட சட்டை. அவர் எழும்பினால் நீங்களும் எழும்புங்கோ. அவர் இருந்தால் இருங்கோ. அம்பது வருஷமா அவர் பிழை விட்டதில்லை.”

கையில் இரண்டு புத்தகங்களைத் தந்தார். ஒன்று பாட்டு, மற்றது செபம். கடைசியிலிருந்து இரண்டாம் வாங்குப் பலகையில், சுவரோடு ஒட்டி இருந்தேன். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் செருப்போடும் சப்பாத்தோடும் வந்தார்கள். வாசலில் கழற்றிக் கிடப்பது என் ஒரு சோடி மட்டும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. செருப்புக்கும் தட்டுப்பாடான காலம். ஒரு கண் வாசலிலேயே இருந்தது.

தங்கை முதல் வாங்கில் இருந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, மறுபடி நேரே பார்த்தாள்.

மணி அடித்தது. கறுப்பு அங்கிக்கு மேல் வெள்ளை அங்கி போட்ட ஐயர் வந்தார். அவர்களும் தங்கள் குருவை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பெண் காலால் மிதித்து வாசிக்கும் பெட்டியை வாசித்தாள். காற்றுப் போய்வருகிற சத்தம் பாட்டை விடப் பெரிதாகக் கேட்டது. எனக்கு முன்னால் ஒட்டுப்போட்ட கொலர் எழும்பியது. நான் எழும்பினேன். கொலர் இருந்தது. நான் இருந்தேன். கொலர் முழங்காலில் போனது. எனக்கு முன்னால் ஒரு சின்ன மெத்தை கிடந்தது. அது எதற்கு என்று தெரியாமல் அதை ஒதுக்கிவிட்டு வெறும் நிலத்தில் முழங்காலை ஊன்றினேன். சுண்ணாம்பும் செங்கல் தூளும் போட்டு இறுக்கிய பழைய நிலம். நல்ல வேலை.

எங்கள் கோயிலில் நான் நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது சுற்றலாம், தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாம். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வரியைச் சொன்னார்கள். நான் ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிக்க அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்கள். பென்சன்காரர் வந்து என் பக்கத்தில் இருந்தார். என் புத்தகத்தை எட்டிப் பார்த்து மெல்லச் சொன்னார்.

“தம்பி, நீங்கள் பிடிச்சிருக்கிறது பிரேதம் அடக்கம் செய்யிற பக்கம்.”

புத்தகத்தை மூடிவிட்டேன். சுவரைப் பார்க்கத் தொடங்கினேன். சுவர் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒன்று. முருகைக்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. யன்னலுக்கு மேலே வளைவில் ஷெல் அதிர்வில் வந்த வெடிப்பு. அதை யாரோ களிமண்ணால் அடைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். உடைந்த யன்னல் கண்ணாடிக்குப் பதிலாகத் தகரம். தெற்குச் சுவர் ஒரு விரல் அளவு வெளியே சரிந்திருந்தது. தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கக் கை அரித்தது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சுவரே எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் போதும். அன்று ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணி முடித்துவிட்டு மறுபடி ஐயரின் வாயைப் பார்த்தேன். அவர் எப்போது அந்தக் கேள்விக்கு வருவார் என்று தெரியவில்லை.

பிரசங்கம் முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஐயர் ஒரு கடதாசியை எடுத்து அறிவித்தல்களை வாசித்தார். பெண்கள் கூட்டம் எத்தனை மணிக்கு, யாருக்குச் சுகமில்லை, இவைதான். பிறகு அதே குரலில் என் தங்கையின் பெயரை வாசித்தார். மனைவியை இழந்த இன்னாருக்கும் புருஷனை இழந்த இன்னாருக்கும் நடக்கப்போகும் விவாகத்துக்கு நியாயமான தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும், இது மூன்றாம் முறை என்றார்.

ஒட்டுப்போட்ட கொலர் எழும்பியது. நான் எழும்பினேன்.

அந்த மனிதர் காணிக்கைப் பை எடுக்க எழும்பியிருக்கிறார். அது அவர் வேலை. அவர் ஓரமாக நடந்து போய்விட்டார். கோயில் முழுக்க இருந்தபடி இருக்க, நான் மட்டும் நின்றேன். அவரைப் பார்த்துத்தான் எழும்பினேனா, இல்லை எழும்ப வேண்டும் என்று எனக்குள் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஐயர் கடதாசியிலிருந்து தலையைத் தூக்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பினார்கள். பெட்டி வாசிக்கிறவளும் திரும்பினாள். என் தங்கை மட்டும் திரும்பவில்லை. தலைப்பைச் சரிசெய்யத் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

“என்ன ஐயா, ஏதும் சொல்லப்போறியளோ?” ஐயர் அமைதியாகத்தான் கேட்டார்.

ஒழுங்கையில் நின்றது போலவே நின்றேன். இப்போதும் ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

“செருப்பு” என்றேன். “செருப்பை வெளியிலை கழட்டிப் போட்டன். பாத்திட்டு வாறன்.”

சின்னப்பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் இருமினார்கள். ஐயர் “ஓம், போய்ப் பாருங்கோ” என்றார். வாசல் வரை போக எத்தனை அடி எடுத்தேன் என்று தெரியாது. பின்னால் பாட்டுத் தொடங்கியது.

செருப்பு போட்ட இடத்திலேயே கிடந்தது. போட்டுக்கொண்டேன். சைக்கிளைப் பிடித்தேன். போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது தங்கை வந்தாள். பாட்டு முடியுமுன் எழும்பி, எல்லோரும் பார்க்க நடு வழியால் நடந்து வந்திருக்கிறாள்.

“என்ன சொல்ல எழும்பினனீங்கள்?”

“முன்னுக்கு இருந்தவர் எழும்பினவர். அதைப் பாத்து…”

“அண்ணை.”

நான் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டே சொன்னேன். “நான் முகத்தைப் பாக்கேல்லை, பிள்ளை. துணியை எடுத்துப் பாக்கச் சொன்னவை. நான் கிட்டப் போகேல்லை. ஓம் எண்டு மட்டும் சொன்னன். சாரத்தைத்தான் பாத்தன்.”

உள்ளே பாட்டின் இரண்டாம் அடியைப் பாடினார்கள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அண்டைக்கு வந்து நீலக் கோட்டுச் சாரம் எண்டு சொன்னனீங்கள். அவர் காற்சட்டையோடை போனவர். அந்தச் சாரம் வீட்டுக் கொடியிலை கிடந்தது. நீங்கள் சொல்லேக்கை நான் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை? அந்தியேட்டி செய்தம். தாலியைக் கழட்டினனீ.”

“அம்மா உங்களை நம்பிச் சோறு தின்னத் தொடங்கினவா. நான் என்னத்தைச் சொல்ல? பிறகு நானும் தேடினனான். உங்களுக்குத் தெரியாமல் எத்தினை வாசலிலை போய் நிண்டனான் எண்டு எனக்குத்தான் தெரியும். ஏழு வருஷத்திலை ஒரு கடதாசி இல்லை, கண்டன் எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை. இவருக்கு எல்லாம் சொன்னனான். ஐயருக்கும் சொன்னனான். ஐயர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் முதல் ஞாயிறு வாசிச்சவர்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” அவள் குரல் அப்போதுதான் கூடியது. “பொய் சொன்னதுக்குக் கோவமில்லை அண்ணை. அதுக்குப் பிறகு ஒரு நாளும் என்ரை முகத்தைப் பாத்து நீங்கள் கதைக்கேல்லை. கிணத்துக்கட்டைப் பாத்துக் கதைப்பியள், படலையைப் பாத்துக் கதைப்பியள். இப்ப சைக்கிள் மணியைப் பாக்கிறியள்.”

மணியிலிருந்து கையை எடுத்தேன். அவளைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“உள்ளுக்கு வாங்கோ” என்றாள். “செருப்போடை வாங்கோ. இன்னொருக்கா அதுக்கு எழும்பப் போறியள்.”

பழைய இடத்தில் போய் இருந்தேன். பென்சன்காரர் முன்னால் பார்த்தபடியே, “ரெண்டும் கிடக்குதோ?” என்றார். “கிடக்குது” என்றேன்.

இனி மனம் ஆற வேண்டும் அல்லவா? தடை ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக நான் ஒளித்தது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் மனம் ஆறவில்லை. முழங்காலில் இருந்தபோது ஐயர் வேண்டுதல்களைச் சொல்லிக்கொண்டு போனார். நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள். பிறகு, காணாமற்போனவர்களுக்காகவும் அவர்களைத் தேடி நிற்கிறவர்களுக்காகவும் என்றார். எல்லோரும் ஒரு குரலில் பதில் சொன்னார்கள். எனக்கு அந்த நீலக் கோட்டுச் சாரம் கண்ணுக்குள் வந்தது.

அது என் மச்சான் இல்லை. அப்படியென்றால் யார்? காலை வரை அது அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போது அது வேறு ஒரு வீட்டு மனிதன். நான் “ஓம்” என்று சொல்லி எரிக்க விட்டிருக்கிறேன். அந்த எலும்பைக் கீரிமலைக் கடலில் கொண்டுபோய்க் கரைத்திருக்கிறேன். அதன் பிறகு அந்த மனிதனைத் தேடி யாராவது அந்த ஒழுங்கைக்கு வந்திருந்தால், உரியவர்கள் வந்து பொறுப்பெடுத்துவிட்டார்கள் என்றுதானே அங்கே சொல்லியிருப்பார்கள்? என் பொய்யால் என் தங்கைக்குத்தான் கெடுதல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

எல்லோரும் வரிசையாக எழும்பி அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் போனார்கள். பென்சன்காரரும் போனார். பின் வாங்குகளில் நான் மட்டும் இருந்தேன். பார்த்து எழும்ப முன்னால் ஒரு கொலரும் இல்லை.

ஆராதனை முடிந்ததும் தங்கையிடம் புதன்கிழமை கலியாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வீட்டுக்குப் போகாமல் பலாலி வீதியால் மிதித்தேன். ஏழு வருடமாக அந்த ஒழுங்கையைக் கண்டால் சுற்றிப் போகிறவன் நான். உள்ளே திரும்பினேன். வெறுங்காணி இருந்த இடத்தில் இப்போது வாழை நின்றது. பக்கத்து வீட்டுப் படலையில் ஒருவர் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று மண்வெட்டியோடு நின்றவர்தான். நன்றாக மெலிந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு தரம் படலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் அவரே தலையைத் தூக்கினார்.

“ஆரைத் தேடுறியள்?”

“சண்டைக்குள்ளை இதிலை ஒருத்தரை எரிச்சனீங்கள்” என்றேன். “அண்டைக்கு எங்கடை ஆள்தான் எண்டு ஓம் சொன்னது நான். அது பிழை. அவர் எங்கடை ஆளில்லை.”

அவர் ரியூப்பைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“பிறகு ஆரும் தேடி வந்தவையோ?” என்று கேட்டேன்.

“வந்தவை” என்றார். “ரெண்டு கிழமை கழிச்சு ஒரு மனிசி வந்தவ, தமையனோ ஆரோ ஒருத்தரோடை. சாரத்தின்ரை நிறத்தைச் சொல்லிக் கேட்டவ. நான் சொன்னன், உரிமைக்காரர் வந்து சாம்பலும் எடுத்துக்கொண்டு போட்டினம், அது உங்கடை ஆளாய் இராது, சந்தோசமாய்ப் போங்கோ எண்டு.” அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். “அந்த மனிசி என்னைக் கும்பிட்டிட்டுப் போனவ.”

“எவடம் எண்டு தெரியுமோ?”

“உடுப்பிட்டி எண்டு சொன்ன ஞாபகம். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட எண்டு. பேர் தெரியாது.”

உடுப்பிட்டியில் பள்ளிக்கூடங்கள் ஒன்று இரண்டு இல்லை. வல்லை வெளியால் சைக்கிளில் போனால், காற்று எதிர்க்காவிட்டால், வெயில் ஏறுமுன் போய்விடலாம். புதன்கிழமை கலியாணம். வியாழன் விடியப் புறப்படுவது என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும் வரை, அந்த மனிசியின் படலையில் நின்று முதலாவதாக என்ன சொல்வது என்று ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.